யன்னலும் நிழலும்

சுன்னாகத்திலே பிற்பகல் மூன்று மணி. காங்கேசன்துறை வீதி அவ்விடத்தில் ஏறத்தாழத் தெற்கு வடக்காகச் செல்வதனால், வீதியின் கிழக்குப் பக்கத்துக் கடைகள் மேற்கு நோக்கியே நிற்கின்றன. மூன்று மணியானதும் அக்கடைக்காரர் ஒவ்வொருவராக எழுந்து, கூரை விளிம்பிலே சுருட்டிக் கட்டியிருக்கும் படங்கை அவிழ்த்துத் தொங்கவிடுவர். படங்கு இல்லாதவர் சாக்குகளை ஒன்றோடொன்று தைத்துத் திரையாக்கியிருப்பர். எதிர்ப்பக்கத்துக் கடைக்காரரோ இதே வேலையைக் காலை எட்டு மணிக்கே செய்து, பத்தரை மணியளவிற் சுருட்டிக் கட்டிவிட்டிருப்பர். இந்த ஒழுங்கை அவர்களுக்குக் கற்பித்தவர் எவருமிலர். வெயில் கடைக்குள்ளே விழுந்த பின்னர் அதனை ஓட்டுவது இயலாது, விழுமுன்னரே வாசலில் மறிக்க வேண்டும் என்பதை வாழைக்குலையும் வெற்றிலையும் வாடக்கண்டு அவர்களே அறிந்துகொண்டனர்.

கடை வாசலுக்குப் பொருந்தும் இவ்விதி வீட்டு யன்னலுக்கும் அவ்வாறே பொருந்தும். ஆயினும் வீடு கட்டுகின்ற போது இதனை நினைப்பவர் இக்காலத்தில் மிகச் சிலரே.

யன்னல் என்னுஞ் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து நமக்கு வந்தது. சொல் வந்த வழி அதுவாயினும் பொருள் அதற்கு மிக முந்தியது. பழந்தமிழில் அதற்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று காலதர் என்பது. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வருகின்ற வழி என்பதே பொருள். சிலப்பதிகாரத்துப் புகார் நகர வருணனையிலே மானின் கண் போன்ற காலதர்களை உடைய மாளிகைகள் பேசப்படுகின்றன. மற்றொரு பெயர் பலகணி. பல கண்களை உடையது என்றவாறு. ஒரே பெருந்திறப்பாக அன்றிச் சிறு துளைகள் பலவாக அமைந்தது அது. இவ்விரு பெயர்களையும் சேர்த்து நோக்கினால், காற்றை உள்ளே விடுவதும் வெயிலைத் துண்டு துண்டாக்கி வெளியே நிறுத்துவதும் யன்னலின் இரு கடமைகள் என்பது புலனாகும். இன்று ஒரு கடமைதானும் ஒழுங்காக நடைபெறாத யன்னல்கள் பெருகிவிட்டன.

வெப்பம் எவ்வாறு உள்ளே வருகின்றது என்பதைச் சிறிது கணக்கிட்டே பார்க்கலாம். தெளிந்த வானத்திலே நேராக விழும் வெயில் ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாற்று ஆற்றலைக் கொண்டுவருகின்றது. மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரிலே விழும் வெயில் சதுர மீற்றருக்கு 600 வாற்றுக்குக் குறைவதில்லை. நான்கடி அகலமும் நான்கடி உயரமுமான ஒரு கண்ணாடி யன்னலின் பரப்பு ஏறக்குறைய ஒன்றரைச் சதுர மீற்றர். சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உள்ளே விட்டுவிடும். ஆகவே அந்த ஒரு யன்னலினால் அறைக்குள் வருவது 700 வாற்று. ஓய்ந்து அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல் 100 வாற்றளவு வெப்பத்தை வெளியிடுகின்றது. அழையாத விருந்தினர் எழுவர் ஒருங்கே வந்து அறைக்குள் அமர்ந்ததற்கு இது ஒப்பாகும். அவ்வாறான யன்னல்கள் இரண்டு இருக்குமாயின், துணி அழுத்தும் மின்னழுத்தி ஒன்றைப் பின்னேரம் முழுவதும் அறை நடுவிலே எரியவிட்டதாகக் கொள்ளலாம்.

இவ்வெப்பம் வந்த வழியே திரும்புவதுமில்லை. சூரியனிடமிருந்து வருவது குறுகிய அலை. கண்ணாடி அதற்கு வழிவிடும். அது தரையிலும் மேசையிலும் கட்டிலிலும் பட்டு அவற்றைச் சுடவைக்கின்றது. சுட்ட பொருள்கள் வெளியிடும் வெப்பமோ நீண்ட அலை. கண்ணாடி அதற்கு வழிவிடாது. எனவே கண்ணாடி யன்னல் வெயிலுக்கு ஒருவழிக் கதவாகின்றது. உள்ளே தொங்கும் யன்னற் சீலை போதிய காப்பாகாமைக்குக் காரணமும் இதுவே. சீலையிலே வெயில் படும்போது அது கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. வெள்ளைச் சீலையாயின் ஒரு பங்கைத் திருப்பியனுப்பும். எஞ்சியதைத் தானே ஏற்றுச் சூடாகி, அச்சூட்டை அறைக்குக் கொடுக்கும். கடுநிறத் தடித்த சீலையாயின் கேட்க வேண்டியதில்லை. அதே சீலையை, அல்லது அதனினும் மலிவான ஒரு தட்டியைக் கண்ணாடிக்கு வெளியே தொங்கவிட்டால், அது ஏற்ற சூட்டை வெளிக்காற்று கொண்டுபோய்விடும். யன்னலுக்கு வெளியே அமைக்கும் சாய்மறைப்பு, தெற்கு நோக்கிய யன்னலில் வெயில் வெப்பத்தை 65 வீதம் வரையிலும் மேற்கு நோக்கியதில் 77 வீதம் வரையிலும் குறைக்கும் என அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் தன் நாட்டு இல்லத்தாருக்குச் சொல்கின்றது. சுன்னாகத்துக் கடைக்காரர் படங்கை வாசலுக்கு வெளியே கட்டுவதன் பயனும் இதுவே.

நிழலிட்ட அறையில் எத்தனை பாகை குறையும் என்று சிலர் வினவுவர். நிழல் ஒருபோதும் அறையை வெளிக்காற்றினும் பெரிதாகக் குளிரச் செய்வதில்லை. வெளிக்காற்றினும் அறை மிகச் சூடாவதையே அது தடுக்கின்றது. அந்த வேறுபாடு பெரும்பாலும் சில பாகைகளே. ஆயினும் யாழ்ப்பாணத்திலே அந்தச் சில பாகைகளின் பெறுமதி அதிகம். மூன்று பக்கமுங் கடலும் ஒரு பக்கம் நீரேரியுமாக உள்ள குடாநாட்டில் காற்று எப்பொழுதும் ஈரங் கலந்தது; வியர்வை எளிதில் உலர்வதில்லை. மனிதத் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 34 பாகை செல்சியசு. அறைக்காற்று 30 பாகையில் இருக்கும்போது மின்விசிறி சுகந் தரும். அதே காற்று 35 பாகைக்கு ஏறிவிட்டால், விசிறி சூடான காற்றையே மேலே வீசுகின்றது. வியர்வை உலர்வதனால் வரும் ஆறுதல் ஒன்றே எஞ்சும். மேலும் வெப்பமானி காற்றின் சூட்டை மட்டுமே சொல்லும். வெயில் பட்ட சுவருக்கும் கண்ணாடிக்கும் அருகே இருப்பவர் மீது அவை வீசும் அனலை அது சொல்வதில்லை. ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில், யன்னலோரக் கட்டிலில் உள்ளவர் துன்புறுவதும் உட்சுவரோரத்தில் உள்ளவர் உறங்குவதும் இதனாலேயே.

இனி, சூரியன் சுன்னாகத்தின் மேல் எவ்வழியாகச் செல்கின்றான் என்பதை அறிய வேண்டும். இவ்வூர் வட அகலக்கோடு 9¾ பாகையை ஒட்டியுள்ளது. சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து இரண்டொரு நாளிலே, அதாவது ஏப்பிரல் நடுப்பகுதியில், சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகின்றான். கம்பம் நட்டால் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். அதன் பின் அவன் வடக்கே சென்று, ஆனி மாத முற்பகுதியில் வட எல்லையைத் தொட்டுத் திரும்பி, ஆவணி பத்தாந் தேதியை அடுத்து, ஆகஸ்ட் இறுதியில், மீண்டும் உச்சிக்கு வருகின்றான். எஞ்சிய காலமெல்லாம் தெற்கே செல்கின்றான். மார்கழியில் நண்பகலில் கூட அவன் 57 பாகை உயரத்துக்கே ஏறுகின்றான். தெற்கு யன்னல், வடக்கு யன்னல் என்பவற்றுக்கு வெயில் படும் காலம் ஆண்டில் மாறி மாறி வருகின்றது என்பது இதிலிருந்து பெறப்படும். கிழக்கு, மேற்கு யன்னல்களுக்கோ ஆண்டு முழுவதும் விடுமுறை இல்லை.

இக்கணக்கு யன்னலின் மேல் வார்க்கும் சீமெந்துத் தட்டுக்கு நேரே உதவும். மேசன்மார் அதனைச் சன்சேட் என்பர். இரண்டடி நீண்ட தட்டு, ஆனி மாத நண்பகலில் வடக்கு யன்னலுக்கு எட்டடி நிழல் தரும், யன்னலோ நான்கடிதான். மார்கழி நண்பகலில் அதே தட்டு தெற்கு யன்னலுக்கு மூன்றடி நிழலே தரும். காலை மாலைகளில் இதனினுங் குறையும். அது வாடையும் மேகமும் உள்ள காலமாகையால் பெருந் தீங்கில்லை. மேற்கு யன்னலுக்கு வருவோம் என்றால் கணக்கு முற்றாக மாறிவிடுகின்றது. பங்குனியிலும் புரட்டாதியிலும் பகலும் இரவும் ஒத்திருக்கும் நாளில், நான்கு மணிக்குச் சூரியன் அடிவானத்தின் மேல் 30 பாகை உயரத்தில் நிற்கின்றான். நான்கடி யன்னலை அவ்வேளையில் முழுதும் மறைக்க ஏழடி நீண்ட தட்டு வேண்டும். ஐந்து மணிக்குப் பதினைந்தடி வேண்டும். பதினைந்தடித் தட்டை எந்த மேசனும் வார்த்துத் தரமாட்டார். ஆயினும் மேற்கு யன்னலுக்கு மேலே ஒன்றரையடித் தட்டு ஒன்றை வார்த்துவிட்டு, நிழலிட்டாயிற்று என்று மனநிறைவு கொள்ளும் வீடுகள் எத்தனை! நான்கு திசைக்கும் ஒரே அளவுத் தட்டு வைப்பது அழகுக்கு ஆகலாம், வெயிலுக்கு ஆகாது.

ஏழடி என்ற அளவு கேட்போருக்கு எதையோ நினைவூட்டக்கூடும். அது நம்முடைய விறாந்தையின் அகலம். பழைய வீடுகளில் முன்பக்கத்தில் ஏழெட்டடி விறாந்தை விட்டு, அதன் கூரையையும் மனிதர் குனிந்து நுழையுமளவுக்குத் தாழ இறக்கியிருந்தமை வெறும் பழக்கமன்று. விறாந்தை என்பது உண்மையில் ஒரு பெரிய யன்னல் மறைப்பு. ஆட்கள் இருந்து கதை பேசக்கூடிய மறைப்பு என்பதே அதன் சிறப்பு. வீடு கட்டும் மகனைப் பார்த்து முதிய தாய், “தம்பி, மேற்குப் பக்கம் விறாந்தை விடாமல் கட்டினால் பின்னேரத்திலை எங்கையடா இருக்கிறது?” என்று கேட்பதை இன்றும் ஊர்களிற் கேட்கலாம். மகனுக்கு அது அந்தக்காலத்துப் பேச்சாகத் தோன்றுகின்றது. கணக்கோ தாயின் பக்கமே நிற்கின்றது.

வெயிலைப் பற்றிப் பேசும்போது காற்றை மறத்தல் கூடாது. யாழ்ப்பாணத்திலே வைகாசி முதலாகத் தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். ஐப்பசி கார்த்திகையை அடுத்து வடகிழக்கிலிருந்து வாடை வரும். இவற்றைச் சூரியன் செல்லும் வழியோடு பொருத்திப் பார்த்தால் ஓர் அரிய ஒழுங்கு தென்படுகின்றது. ஏப்பிரல் நடுப்பகுதி தொடங்கி ஆகஸ்ட் இறுதிவரை சூரியன் காலை முதல் மாலை வரை வடபுறத்திலேயே நிற்கின்றான். தெற்குச் சுவரிலே நேர்வெயில் ஒரு நாழிகையேனும் படுவதில்லை. சோளகம் வீசுவது அக்காலத்தில். எனவே தெற்கு யன்னலைத் தட்டியுமின்றித் திரையுமின்றி அகலத் திறந்து வைக்கலாம். வாடைக் காலத்தில் சூரியன் தென்புறத்துக்குப் போய்விடுகின்றான். வடக்கு யன்னலில் வெயில் இல்லை. வாடை வருவது அப்பக்கத்தாலேதான். காற்று ஒரு பக்கத்தாலும் வெயில் மறுபக்கத்தாலும் வருமாறு இந்நிலத்தின் இயற்கை அமைந்திருக்கின்றது. இத்தகைய வாய்ப்பு எல்லா நாட்டுக்குங் கிட்டுவதன்று. வட இந்தியாவிலே கோடையில் வெயில் வரும் பக்கத்தாலேயே அனற்காற்றும் வரும். அங்கே யன்னலை மூடி, வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டனர். அங்குள்ள வறண்ட காற்று ஈரத்தை உறிஞ்சிக் குளிர்கின்றது. அந்த உபாயத்தை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தால் அறையில் ஈரம் மிகுமேயன்றிக் குளிர்ச்சி அவ்வளவு வாராது. ஓரூர் மருந்து மற்றோரூர் நோய்க்கு ஆகாது போலும்.

வடக்குத் தெற்காக யன்னல்களை எதிரெதிரே வைத்து, கிழக்கு மேற்குச் சுவர்களை மூடியோ விறாந்தையிட்டோ விடுவதே இங்கு தக்கது என்பது இதனாற் பெறப்பட்டது. மாசி பிற்பகுதியிலிருந்து சித்திரை வரையுள்ள காற்றோய்ந்த நாள்கள் மாத்திரம் இக்கணக்குக்கு அடங்கா. அப்போது வெயில் தலைக்கு மேல் நிற்பதால் குற்றவாளி யன்னல் அன்று, கூரை. ஓட்டுக் கூரையின் இடுக்குகளால் சூடு வெளியேறும். தட்டையான கொங்கிறீற்றுக் கூரை பகல் முழுதும் வெயிலை உண்டு, இரவிலே அதனை உறங்குபவர் மேல் உமிழும். அது தனியே பேசவேண்டிய பொருள்.

பழைய நாற்சார் வீடு இவ்விதிகளையெல்லாம் தன்னுள் அடக்கியிருந்தது. நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சுற்றித் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். வெளிப்புறத்தே திண்ணையும் தலைவாசலும். அறைகளின் யன்னல்கள் பெரும்பாலும் தாழ்வாரத்துக்கோ விறாந்தைக்கோ திறந்தன. வெயிலை நேர்முகமாகப் பார்த்தவை சில. அவையும் சிறியவை, கண்ணாடியற்ற பலகைக் கதவுகள் உடையவை. கதவை அரைவாசி சாத்தினால் வெயில் நிற்கும், காற்று வரும். சுண்ணாம்புக் கல்லால் எழுந்த தடித்த சுவர் காலைச் சூட்டை மாலைவரை தாமதிக்கச் செய்தது. முற்றத்துச் சூடான காற்று மேலெழ, அதன் இடத்தை நிரப்ப வெளிவிறாந்தையின் நிழற்காற்று அறைகளூடாக உள்ளே வந்தது. வேலியின் பனையோலையும், அதன் கதியால்களாக நின்ற பூவரசும் கிளுவையும் வீட்டுக்கு வருமுன்னரே வெயிலை ஒருமுறை வடித்தன.

இதனைப் புகழ்வதில் எல்லை கடத்தலும் கூடாது. அவ்வீடுகளின் உள்ளறைகள் நண்பகலிலும் இருண்டிருந்தன. அடுப்படியிலே புகை தேங்கி நின்றது. அந்தப் புகையிலே கண் கெட்டவர் வீட்டுப் பெண்களே. வெளியார் கண் படலாகாது என்ற எண்ணமும் யன்னலைச் சிறிதாக்கியதன் காரணங்களுள் ஒன்று. நாற்சார் வீடு எல்லாருக்கும் வாய்த்ததுமன்று. நிலமும் பொருளும் உடையவருக்கே வாய்த்தது. மற்றோர் மண்சுவர்க் கொட்டிலிலே வாழ்ந்தனர். ஆயினும் அக்கொட்டிலின் கிடுகுக் கூரையும், பக்கத்தில் இறக்கிய பத்தியும், மறைப்பாக நின்ற செத்தையும் நிழலை ஏழைக்கும் மறுக்கவில்லை.

உலகத்தின் பிற பகுதிகளும் இப்பாடத்தைக் கண்ணாடியினால் மறந்து, பின்னர் அக்கண்ணாடியினாலேயே மீளக் கற்றன. பிரேசில் நாட்டு இரியோ நகரிலே 1936 ஆம் ஆண்டு தொடங்கிய கல்வி அமைச்சுக் கட்டடத்தின் வெயிற்பக்கத்துக்கு அசையும் மறைப்புத் தட்டுகள் பொருத்தப்பட்டன. பிரெஞ்சு மொழியில் வெயிலை முறிப்பது எனப் பொருள்படும் பெயர் அவற்றுக்கு வழங்கிற்று. மேற்கு ஆபிரிக்காவிலும் சண்டிகாரிலும் பணிபுரிந்த மாக்ஸ்வெல் பிறை, ஜேன் டிறூ என்னும் தம்பதியர் ஈரவெப்ப நாடுகளின் கட்டடக்கலை பற்றி 1956 இல் நூல் செய்தனர். மறு ஆண்டிலேயே ஒல்கியாய் சகோதரர் இருவர் வெயில் மறைப்பையே தனிப்பொருளாகக் கொண்டு அமெரிக்காவில் நூல் வெளியிட்டனர். மறைப்பு யன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது அவர்கள் வலியுறுத்திய செய்திகளுள் ஒன்று. இலங்கையிலே ஜெப்ரி பாவா 1962 இல் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்கு அமைத்த வீடு, நடு முற்றத்தையும் அகன்ற தாழ்வாரத்தையும் நகரத்துச் சிறு நிலத்துக்குள் மீளக் கொண்டுவந்தது. அவ்வீடு பிற்காலத்திற் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, லுணுகங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே மீளக் கட்டப்பட்டிருக்கின்றது. பாவாவின் முற்றத்தைக் காணப் பிறநாட்டார் கப்பலேறி வருகின்றனர். வலிகாமத்து முற்றங்களோ ஒவ்வொன்றாகத் தகரத்தால் மூடப்படுகின்றன.

போர் ஓய்ந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் வட மாகாணத்திலே எழுந்த வீடுகள் இருவகைப்பட்டன. ஒருவகை, பிறநாட்டிலுள்ள பிள்ளைகளின் பணத்தால் எழுந்தவை. அப்பிள்ளைகள் வாழும் நாட்டிலே வெயில் ஒரு விருந்து; அதனை உள்ளே அழைக்கவே அங்கு பெரிய கண்ணாடி யன்னல்கள் வைக்கின்றனர். அந்த யன்னலின் படம் அஞ்சலிலும் தொலைபேசியிலும் வந்து, சுன்னாகத்து மேற்குச் சுவரிலே பொருத்தப்படுகின்றது. அலுமினியச் சட்டத்தில் வழுக்கித் திறக்கும் அக்கண்ணாடி யன்னல், முழுதும் திறந்தாலும் பாதிப் பரப்பே திறக்கும். மறுபாதி கண்ணாடியாகவே நிற்கும். வெயில் முழுவதும் வரும், காற்று பாதி வரும். பின்னர் குளிரூட்டி வாங்கப்படுகின்றது. மற்றவகை, உதவித் திட்டங்களால் எழுந்தவை. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 2012 ஆம் ஆண்டிலிருந்து வடக்குக் கிழக்கிலே வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. வீடிழந்து முகாமிலிருந்து மீண்டவருக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்தத் தொகைக்குள் சுவரும் கூரையும் முடிவதே அரிது. அளவுக்குட்பட்ட பணத்தில் வீடு கட்டுபவர் முதலில் விடுவது விறாந்தையையும் யன்னல் மேலுள்ள தட்டையுமே; அவை இல்லாமலும் வீடு வீடாகவே தோன்றும். செல்வர் வீடு கண்ணாடியாலும் எளியோர் வீடு தட்டின்மையாலும் ஒரே வெயிலுக்கு ஆளாகின்றன. செல்வருக்குக் குளிரூட்டி உண்டு என்பதே வேறுபாடு.

அந்தக் குளிரூட்டியும் மின்சாரத்தையே நம்பியுள்ளது. மின்சாரத்தைப் பற்றிச் சுன்னாகத்தாருக்கு எவருஞ் சொல்லவேண்டியதில்லை. மின்நிலையம் அவர்கள் ஊரிலேயே இருக்கின்றது. அவ்வயலிலே கிணற்று நீரில் எண்ணெய் கலந்த துயரத்தையும் அவர்களே சுமந்தனர். போர்க்காலத்தில், 1990 ஆம் ஆண்டின் பின்னர், குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றியே வாழ்ந்தது. போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த அந்த நாள்களில் விசிறி என்ற ஒன்று இல்லை. வேம்பின் கீழும் விறாந்தையிலும் வாழ்க்கை நடந்தது. நிழலுள்ள வீடு தாங்கிற்று. பின்னர் மின்சாரம் வந்தது. 2010 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் கிளிநொச்சி வழியாக உயரழுத்தக் கம்பிகள் சுன்னாகத்தைத் தேசிய வலையமைப்போடு இணைத்தன. இனிக் கவலையில்லை என்று எண்ணியிருந்த வேளையில் 2022 வந்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்ந்தது. பின்னர் குறைப்புகள் வந்தனவாயினும், விசிறியின் ஆளியைப் போடுமுன் ஒருமுறை நினைத்துப் பார்க்கும் பழக்கம் பல வீடுகளில் நிலைத்துவிட்டது. மின்வெட்டு நேரத்திலே நோயாளியும் கைக்குழந்தையும் கிடக்கும் அறையின் யன்னல் எத்திசையை நோக்குகின்றது என்பது வெறும் கட்டடக்கலைப் பிரச்சினையன்று.

பாடசாலையிலும் இவ்வாறே. நமது பழைய பாடசாலை மண்டபங்கள் அரைச்சுவருடையவை. மூன்றடிச் சுவருக்கு மேலே திறந்த வெளி, அதற்கு மேலே தாழ இறங்கிய ஓட்டுக்கூரை. மண்டபத்தின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால், வெயிலுக்கு முகங் கொடுப்பவை ஒடுங்கிய இரு முகப்புச் சுவர்கள் மாத்திரமே. நீண்ட இரு பக்கங்களும் வடக்கு நோக்கியும் தெற்கு நோக்கியும் காற்றுக்குத் திறந்திருக்கும். காணியின் அமைப்பினாலோ வீதிக்கு முகங்காட்ட வேண்டும் என்ற ஆசையினாலோ மண்டபம் தெற்கு வடக்காகத் திரும்பிவிட்டால், காலையில் கிழக்கு வரிசைப் பிள்ளைகளும் நண்பகலின் பின் மேற்கு வரிசைப் பிள்ளைகளும் வாங்கை நடுவே நகர்த்துவர். அப்போது மேற்கு வரிசை வெறுமையாகி, நடுவரிசையில் ஒரு வாங்கில் ஐவர் நெருக்கியிருக்கக் காணலாம். பிள்ளைகள் ஒழுங்கைக் குலைக்கின்றனர் என்று ஆசிரியர் கடிந்துகொள்வதும் உண்டு. அவர்கள் குலைத்த ஒழுங்கு கட்டடம் போட்டவர் குலைத்தது. வெப்பம் மிகுந்ததால் 2024 ஆம் ஆண்டின் முற்பகுதியிலே, மாணவரை வெளியிற் பயிற்சிகளில் ஈடுபடுத்துவது பற்றிக் கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல் அனுப்ப நேர்ந்தது. மைதானத்தைத் தவிர்க்கலாம். வகுப்பறையைத் தவிர்ப்பது எங்ஙனம்?

வகுப்பறைக்கு நிழலிடுவதில் ஒரு சங்கடமும் உண்டு. நிழல் மிகுந்தால் இருளும் மிகும். பின்வரிசைப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாது. இதனாலேயே முழுதும் மறைக்கும் தட்டியிலும் இடைவெளி விட்ட மறைப்பே சிறந்தது. சாய்த்து அடுக்கிய பலகைகளினூடே நேர்வெயில் நுழையாது. வானத்து ஒளி பலகையின் மேற்பக்கத்திற் பட்டுத் தெறித்து உள்ளே வரும். உட்கூரையும் உட்சுவரும் வெண்சுண்ணம் பூசியிருந்தால் அவ்வொளி அறையின் உட்புறம் வரை பரவும். யன்னலுக்கு எதிரே வெளியில் வெண்சீமெந்துத் தரை இருப்பின் அதுவே அனலை உள்ளே வீசும். அவ்விடத்தில் புல்லோ செடியோ இருத்தல் நன்று.

புதிதாகக் கட்டுவோர் திசை பார்த்துக் கட்டலாம். கட்டி முடித்தவர் என் செய்வது? மேற்கு யன்னலுக்கு முன்னே சுவரிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை அடி விலக்கி ஒரு கிடுகுத் தட்டியையோ பனையோலைத் தட்டியையோ கட்டித் தொங்கவிடலாம். சுவரோடு ஒட்டிக் கட்டலாகாது. இடையே காற்று மேலெழுந்து சூட்டைக் கொண்டுபோக வழிவேண்டும். தட்டியின் மேல்விளிம்பில் மூங்கிற் கழியைக் கட்டிக் கீழ்விளிம்பை வெளியே தள்ளி முண்டு கொடுத்தால், கீழாகக் காற்று வரும். கிடுகு ஓராண்டு இரண்டாண்டில் உக்கும். ஓலை சிறிது கூடத் தாங்கும். ஓலை வெட்டி வேய்வோர் அருகிவிட்டமையால் இன்று அதன் விலை குறைவு என்றும் சொல்வதற்கில்லை. பச்சை நிற நிழல்வலை கடைகளில் முழக்கணக்கிற் கிடைக்கின்றது. அழகில்லை, ஆயினும் வேலை செய்யும். அதனையும் வெளியே கட்டவேண்டும்.

மரம் வளர்ப்பவருக்குச் செலவு இன்னுங் குறைவு. பனை நமக்கு எல்லாந் தரும்; நிழல் மட்டுந் தராது. வேம்பு மாசி பங்குனியில் இலை கொட்டினாலும் கொடுவெயிலுக்குள் தளிர்த்துவிடும். ஆனால் வேம்பு யன்னல் உயரத்துக்கு வந்து மாலை வெயிலை மறைக்க ஆண்டுகள் செல்லும். அதன் வேரை அத்திவாரத்துக்கு அண்மையிலும் விடலாகாது. அதுவரையில் வாழை உண்டு. சுன்னாகத்துச் செம்மண்ணிலே வாழை நட்ட சில மாதங்களில் யன்னலை எட்டிவிடும். அதன் இலை காற்றைத் தடுப்பதில்லை. கிணற்றடி நீரையும் குளிப்பறை நீரையும் பாத்தி வழியே அதற்கு விடலாம். நான்கு கம்பு நட்டுக் கம்பி இழுத்துக் கொடித்தோடையைப் படரவிட்டால், பின்னேர வெயில் இலையிலேயே நின்றுவிடும், பழமும் கிடைக்கும். புடலையும் பாகலும் பந்தலிற் படரும். ஆனால் அவை ஒரு போகத்தில் முடிந்துவிடுமாதலால், சித்திரைக்கு முன்னே கொடி படர்ந்திருக்கும்படி தையிலேயே விதை போடுதல் வேண்டும்.